ஆட்டோவிலேயே தீர்ந்துபோன பேச்சு

மகளுக்குப் பல் விழுந்த சேதியே நதியாவுக்கு ஆட்டோக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் நாளெல்லாம் புடவை பிரித்துப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எதிரே சவாரிக்கு நின்ற ஏஞ்சல், ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினாள்.

“அக்கா, பாப்பாவுக்கு சைடு பல்லு விழுந்துச்சே, பாத்தியா? செவ்வாக்கெழம, ஹிந்தி கிளாசுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல. முறுக்கக் கடிச்சா பாரு, டொக்குனு கையில வந்துக்குது!”

அன்றைக்கு வியாழக்கிழமை. இரண்டு நாளாகப் பெற்ற பெண்ணின் வாயில் ஓட்டை, பெற்றவளுக்குத் தெரியாது.

“தெரியுமே, சொன்னாளே” என்று கூசாமல் பொய் சொன்னாள் நதியா.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். “பல்லு விழுந்துச்சாமே, எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

ஏலவார்குழலி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஏஞ்சல் அக்காகிட்ட சொல்லிட்டேனே மா.”

அவ்வளவுதான். ஒரு தடவை சொல்லியாயிற்று, அப்புறம் என்ன?

இத்தனைக்கும் அந்த அட்டவணையைப் போட்டதே நதியாதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஐந்து கலர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தாள். திங்கள், புதன் பரதம். செவ்வாய், வியாழன் ஹிந்தி, கீபோர்டு. வெள்ளி அபாகஸ். சனி சிலம்பம். நாலாவது படிக்கிற பெண் ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் வளர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டது. நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஏஞ்சல் ஏற்றிக்கொள்வாள். ஒரு கிளாசிலிருந்து இன்னொரு கிளாஸ், அங்கிருந்து வீடு. நதியா வரும்போது பெண்ணின் வாயில் கொட்டாவிதான் மிச்சம் இருக்கும். பேச்செல்லாம் ஆட்டோவிலேயே தீர்ந்துவிடும்.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் ஏஞ்சலாகவே தெரிந்தது. குழலி தொடையைத் தட்டிச் சிரிக்கிறாள். யார் தட்டுவார்கள் அப்படி? ஏஞ்சல். எதற்கெடுத்தாலும் “அட போ பா” என்கிறாள். யாருடையது? ஏஞ்சலுடையது. புளிசாதத் தட்டைத் தள்ளி வைத்து, “அக்காவுக்குக்கூட இது புடிக்காதாம்” என்றபோது நதியா தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“ஆட்டோக்காரப் பொண்ணு மேல போயி பொறாமப்படுறியே” என்று சிரித்தான் புருஷன் அர்ஜுனன்.

“பொறாமையா? எனக்கா? அவ மேலயா?”

“ஒன்னு சொன்னா மூணு கேள்வி. அப்ப நெசந்தான்.”

ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சலுக்குப் போன் போட்டாள். “நாளையிலேர்ந்து வேணாம் ஏஞ்சலு. நானே வண்டியில கூட்டிக்கினு போறேன்.”

“ஏன்கா, நான் எதனா தப்பு பண்ணிட்டனா?”

“ச்சே ச்சே, அதெல்லாம் இல்லபா” என்று வைத்தபின் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான். அதைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

கடையில் சூப்பர்வைசர் மாணிக்கவாசகம் முகத்தைச் சுளித்தார். “முகூர்த்த சீசன்ல பர்மிஷனாம்மா?” மத்தியானம் உட்காராமல் வேலை செய்கிறேன், ஆறரைக்கு வந்து கடை மூடும்வரை நிற்கிறேன் என்று கெஞ்சி வாங்கினாள்.

நதியா சாதாரண ஆளில்லை. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களிடம் ஐந்தே நிமிஷத்தில் மாப்பிள்ளை ஊர், மாமியார் குணம், சின்ன மாமனோடு என்ன மனஸ்தாபம் என்பதுவரை வாங்கிவிடுவாள். பெற்ற பெண்ணிடம் முடியாதா?

முடியவில்லை.

“இன்னிக்கு ஸ்கூல்ல என்னாச்சு?”

“ஒன்னும் ஆவல.”

“மிஸ்ஸு என்ன சொன்னாங்க?”

“ஒன்னும் சொல்லல.”

“பரதத்துல புதுசா என்ன கத்துக்குடுத்தாங்க கண்ணு? சும்மா சொல்லு, கேக்கத்தானே அம்மா இருக்கேன்?”

“கஸ்டமர்கிட்ட பேசற மாதிரியே பேசற மா.”

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. வியாழக்கிழமை ஹிந்தி கிளாஸ் முடிந்து வரும்போது, மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஏஞ்சலின் ஆட்டோ நின்றிருந்தது. “மா, நிறுத்து நிறுத்து!” நிறுத்துவதற்குள் குதித்து ஓடிவிட்டாள் குழலி. பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும் விட்டாள்.

நதியா இரண்டு ஹெல்மெட்டையும் கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றாள். திருட்டுத்தனமாகத்தான்.

“ஏன் கேக்கற பாப்பா” என்றாள் ஏஞ்சல். “காத்தால ஒரு பெருசு ஏறுச்சு. கலெக்டர் ஆபீஸ்னு வாயால சொன்னாரு. அங்க போயி எறக்கினா, நான் கேட்டது பஸ் ஸ்டாண்டுனு நடுரோட்டுல நிக்கவெச்சு கத்தறாரு. அவ்ளோ பேரு பாக்கறாங்க. அழுவ வந்துடுச்சு பா.”

“எனக்கும் இன்னிக்கு அழுவ வந்துச்சுக்கா. பொன்னி இனிமே எம்பக்கத்துல உக்கார மாட்டாளாம். வேற பெஞ்சுக்குப் போயிட்டா.”

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அது ‘ஒன்னும் ஆவல’யாக இருந்தது. நதியாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் அந்த எரிச்சலிலேயே ஒன்றைக் கவனித்தாள், பக்கத்துக் கடைக்காரன் எப்படிக் கூட்டம் சேர்க்கிறான் என்று எட்டிப் பார்ப்பவளைப் போல. ஏஞ்சல் ஒரு கேள்வியும் கேட்கவில்லையே! தன் கதையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

“ஹாய்கா!” என்று ஏஞ்சல் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். கோபமே இல்லாத முகம். அது இன்னும் எரிந்தது.

“நேரமாச்சு, வா” என்று மகளை இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

“எனக்கும் இன்னிக்கு அழுவ வந்துச்சு” என்றாள், எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பின்னால் ஒரு அசைவு. “ஏன்?”

“பெங்களூர்லேர்ந்து வந்துருந்தாங்க. நாப்பது புடவ எடுத்துப் போட்டேன். ஒன்ன என் தோள்மேல போட்டுக் காட்டினேன். அந்தம்மா சொல்லுது, ‘இவங்க கறுப்பா இருக்காங்க, கலர் எடுபடல, வேற யாரனா கூப்புடுங்க’ன்னு. மாணிக்கவாசகம் சாரும் உடனே பிரியதர்ஷினியக் கூப்டுட்டாரு. நான் மடிச்சுக் குடுத்துக்கினு நின்னேன்.”

“அந்தம்மாவுக்குக் கண்ணு நொள்ளையா?”

நதியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பிரியா ஆன்ட்டி மேல கடுப்பாச்சா மா?”

“கடுப்பா? பத்திக்கினு வந்துச்சு. அவ சிரிச்சுக்கினே போட்டுக் காட்றா, அவங்களும் அதையே எடுத்துக்கினாங்க.”

குழலி தொடையைத் தட்டிச் சிரித்தாள். முதுகில் அவள் மோவாய் வந்து அழுந்தியது. “இத ஏஞ்சல் அக்காகிட்ட சொல்லட்டா?”

“சொன்னேன்னா தோல உரிச்சுருவேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. உனக்குத்தான்.”

குழலி பின்சீட்டில் எக்கி உட்கார்ந்தாள். குரல் காதருகே வந்தது. “அப்ப நானும் ஒன்னு சொல்றேன். திட்டக் கூடாது. கீபோர்டு கிளாஸ்ல ரெண்டு மாசமா நான் வாசிக்கறதே இல்ல. சவுண்ட ஜீரோவுல வெச்சுட்டு வெரல மட்டும் ஆட்டுவேன். எல்லாரும் சேந்து வாசிக்கறாங்களா, சாருக்குத் தெரியறதே இல்ல.”

இரண்டு மாசம்! திட்ட வேண்டும் என்றுதான் நதியா வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

“இது ஏஞ்சலுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நெசமா?”

“சத்தியமா தெரியாது மா.”

கீபோர்டு கிளாஸ் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. நதியா சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“வெரல எப்படி ஆட்டுவ? எங்க, எம்முதுகுல ஆட்டிக் காட்டு.”