வினிதா கூப்பிட்டால் மட்டும் வரும் குதிரை

1

இந்தக் கதை பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காகப் பிறந்தது. பெருமைக்காக எழுதியதென்று யாரும் நினைக்க வேண்டாம். பெருமை பிற்பாடுதான் வந்தது, வண்டி வண்டியாக வந்தது.

எழுதுகிறவள் சின்னாளப்பட்டி அறிவுச்செல்வி, வீட்டிலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். ‘நான்’ என்று எழுதினால் அழுகை முட்டுவதால், தன்னையும் பெயர் சொல்லியே எழுதிக்கொள்கிறாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வினிதா மேடையில் கதை சொல்ல வேண்டும். வினிதாவுக்குப் பேச்சு திக்கும். ‘க’வில் தொடங்கும் சொல் என்றால் வாசலோடு நின்றுவிடும்.

“ஏலலைன்னா விட்டுரலாம்மா. பிள்ளை மனசு நோகக் கூடாதுல்ல” என்றார் வகுப்பாசிரியர் பிராங்கிளின். நல்ல மனுஷர்தான்.

“நான் சொல்லுவேன் சார்” என்றாள் வினிதா. (‘ந’ தகராறு செய்யாத எழுத்து.)

கூட்டம் சிரித்துவிட்டால் பிள்ளை அப்புறம் வாயையே திறக்க மாட்டாள். அறிவுச்செல்வியின் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

2

‘ஒரு ஊரில் ஒரு கு—’

வேண்டாம்.

‘கொடியில் காயப்போட்ட சேலையிலிருந்து—’

கொடியும் வேண்டாம்.

‘சாயம் உலர்ந்த சிவப்புச் சேலையில் ஒரு சிறுமி முடிச்சுகளை அவிழ்த்தாள்.* வெள்ளைப் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து யானை ஆயின.’

இது ஓடும். யானை சிறுமியிடம் ஒட்டிக்கொள்ளும். அவளை ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டை ஒரே தாவாகத் தாண்டும். ஊர்ச் சேலைகளின் சாயத்தையெல்லாம் திருடிக்கொண்டு சிறுமலையில் ஒளிந்திருக்கும் பூதத்தைத் தேடிப் போகும். பூதம் யானையைக் குகையில் (அடித்தாயிற்று) பொந்தில் அடைத்துவிடும். யானை தாவுமா, பொந்தில் அடங்குமா என்று எழுதுகிறவளுக்கே சந்தேகம். ஆனால் ‘யா’ வினிதாவின் நாக்கில் வெண்ணெயாக வழுக்கும்.

* முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. சாயம் காயும்வரை முடிச்சில் கை வைக்கக் கூடாது. ஈரத்தில் இழுத்தால் புள்ளி கலங்கிவிடும். சேலை விஷயத்தில் இம்புட்டுப் பொறுமையுள்ள அறிவுச்செல்வி, மகள் திக்கும்போது மட்டும் மீதிச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவாள்.

3

வாசித்துக் காட்டினாள்.

“ம்மா, இதுல ஏன் கு... கு...”

“குதிரையா?”

“நீ சொல்லாத. நான் சொல்லுவேன்ல.”

அறிவுச்செல்வி வாயை மூடிக்கொண்டாள். தெருமுனையில் மினி பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, போயும்விட்டது.

“குதிரை” என்றாள் வினிதா. “அது ஏன் இல்ல? யானை எப்பிடிம்மா ரோட்டத் தாண்டும்?”

“அம்புட்டுப் பேரு முன்னால அந்தச் சொல்லு வரலைன்னா என்னத்தா செய்வ?”

“செத்த நேரம் ஆகும். அது நிக்கும்ல?”

“எது?”

“அதுதாம்மா. நான் முழுசாச் சொன்னாத்தான் அது வெளிய வரும். வேற யாரு சொன்னாலும் வராது. அப்பிடி எழுது.”

யானை போனது, குதிரை வந்தது. அடித்த குகையும் திரும்ப வந்தது. இப்படியொரு யோசனை தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு வந்த பெருமையில் அறிவுச்செல்விக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

4

முடிவுகள் இரண்டு கைவசம் இருந்தன.

அ) சிறுமி கூப்பிட்டாள், குதிரை வந்தது, ஒரே கைதட்டல். எழுதுகிறவளின் ஆசை.

ஆ) சொல் வரவில்லை. பிராங்கிளின் சார் மெதுவாக மைக்கை வாங்கி—

இதை எழுதக் கை வரவில்லை.

5

ஆகவே இதோ, ஆண்டு விழா. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அறிவுச்செல்வி இந்தப் பகுதியை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறாள். வினிதா புள்ளிகளை எழுப்பிவிட்டாள், ரோட்டைத் தாண்டிவிட்டாள், இரண்டு இடத்தில் நின்று, நின்றதைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே போய்விட்டாள். இப்போது குகை வாசல். உள்ளே அவளுடைய குதிரை.

“கு... கு...”

பின்வரிசையிலிருந்து யாரோ இரக்கப்பட்டு, “குதிரை” என்று எடுத்துக்கொடுக்கிறார்கள்.

வினிதா மைக்கைக் கிட்டே இழுக்கிறாள். “நீங்க சொன்னா அது வராது.”

சிரிக்க வாயெடுத்தவர்களும் அடங்கிப்போகிறார்கள். அறிவுச்செல்வி பக்கத்திலிருக்கும் முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்து, “எம் மக” என்கிறாள். இந்தக் கதையில் அவள் சொந்தமாக எழுதிய நல்ல வசனம் அது ஒன்றுதான்.

“கு...”

இனி எழுத அவளுக்கு வேலையில்லை, முடிவு உங்கள் கையில். அந்தச் சொல் இப்போது உங்கள் நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லிவிடாதீர்கள்.