ஆச்சிப்பிள்ளை வளவுச் சாமி

1988 தைப்பொங்கலுக்கு மறுநாள் தேற்றாத்தீவில் வல்லிபுரம் மூன்று நெல் மூட்டை நிறை இருந்தான். நிறுத்துப் பார்த்தவர் நெல் வியாபாரி மீராசாஹிப். தராசில் பிழை இல்லை என்று இரண்டு தரம் சரிபார்த்தார். வல்லிபுரமோ வாவியில் வலை வீசிப் பிழைத்த மெலிந்த மனிதன், விலா எலும்பை எண்ணலாம். அதற்கு முதல் வாரம், படையினரின் சுற்றிவளைப்பில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, பூவரச மரத்தடியில் அவன் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தபோது வந்து குந்தி, நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். அவன் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டான். அவள் திரும்பிப் போகும்போது கால் நிலத்தில் பட்டும் படாமலும் போனாள். அவன் எழும்பப் பார்த்தபோது இருந்த வாங்குப் பலகை முறிந்தது. பிறகு கேட்கவா வேண்டும்? மாசி முடிவதற்குள் ஊர் அவனைச் சாமி ஆக்கிவிட்டது. நாமும் இனி அவர் என்போம்.

சனம் வந்தது. சொன்னவர்கள் இலேசாகிப் போனார்கள், சாமி பாரமாகிக்கொண்டே வந்தார். உடம்பு மட்டும் ஒரு விரற்கடையும் பெருக்கவில்லை. தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவற்றுக்குப் பிறகு நெடுநாள் வராதிருந்த மீராசாஹிப் ஒரு நாள் தராசு இல்லாமல் வந்தார், வெகுநேரம் இருந்தார், போனார். அடுத்த வருடம் படையினர் சாமியை விசாரணைக்குக் கொண்டுபோக வந்தார்கள். பதினொரு பேர் தூக்கியும் ட்ரக்கில் ஏற்ற முடியவில்லை. கடைசியில் அவர்களுடைய அதிகாரியே மரத்தடியில் குந்திச் சிங்களத்தில் ஏதோ சொன்னான்; சாமிக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனாலும் இருபது இறாத்தல் கூடியது. இதை அறிந்த இயக்கம், ஆமிக்காரனின் கவலையை எப்படி ஏற்கலாம் என்று விளக்கம் கேட்டது. கொழும்புப் பத்திரிகை ஒன்று அவர் வயிற்றில் ஈயக்கட்டி இருப்பதாக எழுதியது. சாமி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "சொல்லுங்க, கேக்கன்."

அந்தச் சொல் கிடைக்காதவள் ஒருத்திதான், அவருடைய பெண்சாதி ஆச்சிப்பிள்ளை. எழுபத்தெட்டுச் சூறாவளியில் அவர்களுடைய மூன்று மாதப் பெண்பிள்ளை போனது. அதைப்பற்றி இருவரும் பேசியதே இல்லை. சாமி ஆன பிறகாவது கேட்பார் என்று அவள் நினைத்தாள். இரண்டு தரம் பக்கத்தில் போய் இருந்தாள். "பொறு, நீ இஞ்சதானே இரிக்காய், பிறகு கேக்கன்" என்றார். அந்தப் பிறகு ஐந்து வருடம் வரவில்லை. வந்த பெண்களுக்கெல்லாம் அவள் சோறு ஆக்கினாள், அவர்களின் செருப்பைப் பார்த்து வயிறெரிந்தாள். அதிலும் கொக்கட்டிச்சோலையிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் தோணியேறி வந்த சீதேவிப்பிள்ளையைக் கண்டால் அவளுக்கு உலைமூடி கை தவறி விழும். சீதேவிப்பிள்ளைக்கு முப்பது ஏக்கர் வயல், புருசன் இல்லை. "செத்த புருசன ஒரு மனிசி எத்தின தரம்தான் சொல்லி அழுவாள்?" என்று ஆச்சிப்பிள்ளை கிணற்றடியில் கேட்டாள். நியாயமான கேள்விதான். சீதேவிப்பிள்ளை அழுத நாட்களில் சாமிக்கு நிறை கூடவே இல்லை என்பதை நாங்களும் கவனித்திருந்தோம்.

1993இல் சீதேவிப்பிள்ளை தன் வளவில் ஆச்சிரமம் கட்டிச் சாமியை அழைத்தாள். எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் உடுபுடவையோடு அவள் வீட்டுக்கு வருவான். ஓர் ஆண் இன்னொருத்தியின் வளவில் போய்க் குடியிருந்தால் தாலியும் மேளமும் வேண்டாம், ஊர் அதைக் கலியாணம் என்றே எடுக்கும். சாமிமாருக்கு இது பொருந்தாது என்று ஆச்சிரம சபைத் தலைவர் வினாயகமூர்த்தி நினைத்ததுதான் பிழை. ஆச்சிப்பிள்ளையிடம் ஒரு சொல் கேட்காமலே நாள் குறித்தார். சாமியைக் கேட்டதற்கு, "எனக்கு எல்லா இடமும் ஒண்டுதான்" என்றார். அடுப்படியில் நின்ற ஆச்சிப்பிள்ளைக்கு அது கேட்டது. சீதேவிப்பிள்ளை மேல் இருந்த எரிச்சலைவிட அந்தச் சொல் அவளை அதிகம் சுட்டது.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலை பதினாறு பேர் பலகையும் தடிகளும் கொண்டு வந்தார்கள். கரையில் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தது. சீதேவிப்பிள்ளை பட்டுச்சேலை உடுத்து, புதுப்பெண் மாதிரித் தலைகுனிந்து நின்றாள். புறப்பட முதல் கடைசியாக ஒரு வரிசை விட்டார்கள். அந்த வரிசையின் கடைசி ஆளாக ஆச்சிப்பிள்ளை வந்து முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்க, சனத்தில ஒராளாத்தான் வந்திரிக்கன். இப்ப கேக்கோணும்."

சாமியால் மறுக்க முடியவில்லை. "சொல்லு, கேக்கன்" என்றார்.

"கூரை போகக்குள்ள பிள்ள என்ர கையில இரிந்திச்சி. நீங்க தோணியக் கட்டப் போனீங்க. விடியத் திரும்பி வந்து, தோணி பத்திரம் எண்டு சொன்னீங்க. பிள்ளைய நீங்க கேக்கவே இல்ல. ஊர்ப் பிள்ளையளையெல்லாம் கேட்டீங்க. நம்மட பிள்ளைய மட்டும் கேக்கல்ல."

சாமி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "கண்ணகை" என்றார். அது பிள்ளையின் பெயர். பதினைந்து வருடத்தில் அவர் வாயால் வந்தது அதுவே முதல் தரம். சொல்லி முடிக்கவும் அவருக்குக் கீழே நிலம் விட்டுக்கொடுத்தது. இடுப்புவரை இறங்கி நின்றார். பதினாறு பேரும் மதியம்வரை முயன்றார்கள், ஒரு தடி முறிந்ததுதான் மிச்சம். சீதேவிப்பிள்ளை பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறும் தோணியில் ஏறிப் போனாள்.

ஆச்சிப்பிள்ளை அவருக்கு மேலே தென்னோலைக் கிடுகால் பந்தல் போட்டாள். சாமி மீன் கறி சாப்பிடலாமா என்று சபை இரண்டு தரம் கூடியது. அவள் மூன்று நேரமும் ஊட்டினாள். வருகிறவர்கள் இப்போது அவளிடம் கேட்டுவிட்டுத்தான் படலையைத் திறக்க வேண்டும். சொல்லி முடித்த அன்றிலிருந்து அவள் எல்லோரையும்விட இலேசாகிவிட்டாள். அதனால் கச்சான் காற்று வீசும் நாட்களில் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, காற்று அடங்கும்வரை புருசனின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரங்களில் நாங்கள் யாரும் படலையைத் தட்டுவதில்லை.