மாப்பிள்ளை, கொஞ்சம் விட்டுக் கொடுங்க

குளிர்காலத்தை ஒரே ஒரு வார்த்தை சொல்லி ஊரைவிட்டுக் கிளப்பியவன் நான். பையிலிருந்து ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இதைக் கம்பளிக்குள் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருப்பீர்கள். நன்றியெல்லாம் வேண்டாம், கடைசிவரை படித்தால் போதும்.

ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை புருஷன் வானிலை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நான் சொல்லும் எதையும் நம்புவதில்லை என்று என் தங்கையைக் கட்டிக்கொண்ட அன்றே அவர் சபதம் எடுத்துவிட்டார். இத்தனைக்கும் இந்தச் சம்பவம் நடந்தபோது கூட இருந்தவர் அவர்தான். கூட என்றால், என் தலைக்கு மேலே இருபது மாடி தள்ளி.

அந்த மனிதருக்கு ஒரு குறை உண்டு. குளிர் எப்போது விலகும் என்று அவர் சொன்னது சர்வீஸில் ஒரு தடவைகூடப் பலித்ததில்லை. அவர் வெயில் என்று அறிவித்தால் ஊரே குடையைத் தேடும். ஓய்வு பெறுகிற வாரம், தன் கடைசி அறிக்கையில், வியாழக்கிழமை மதியத்துக்குள் குளிர் விலகிவிடும் என்று போட்டுவிட்டார். வியாழன் காலையில் என் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குச்சி ஒன்று நீண்டது. அதை உடைத்துப் பல் தேய்த்தேன். மாப்பிள்ளை அலுவலகத்துக்குப் போக முகமில்லாமல் என் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு தடவை, மச்சான். கடைசி தடவையாவது சரியா வந்துச்சுன்னா நிமிர்ந்து நடந்து வெளிய வந்துடுவேன். இல்லைன்னா, வழியனுப்பு விழாவுல எனக்குக் கம்பளி பரிசா குடுக்கப் போறாங்களாம். இப்பவே வாங்கி வெச்சிட்டாங்க."

"நல்ல கம்பளியா?"

"மச்சான்."

அப்போதுதான் போன் வந்தது. ஆற்றங்கரைக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறதாம். என் உதவியாள் லீவு. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் தெய்வங்கள். அவர்கள் யாரும் சொன்னதில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, எடையே சொல்லிவிடும். எட்டாவது மாடியில் ஒரு தாடிக்காரர், கையில் எப்போதும் ஒரு சுத்தியல். அவர் ஒருவர் ஏறினாலே அதிக பாரம் என்று மணி அடிக்கும், அவர் முறைத்தால் மணி நின்று ட்யூப்லைட் வெடிக்கும். ஐந்தாவது மாடியில் ஒரு அம்மணி. தம்பி செய்த கலாட்டாவில் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டால் கட்டடமே இருண்டுபோகும், வராந்தாவில் யாராவது கோமாளித்தனமாக ஆடினால்தான் எட்டிப் பார்ப்பார். இவர்களுக்கு ஒரு நாட்டில் ஒரு பெயர், கடல் தாண்டினால் இன்னொரு பெயர். தபால்காரர் பெயர்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

உச்சி மாடியில் பயிர்பச்சைக்கு அம்மா. அடித்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் கீழே, இருட்டுக்கு ராஜா. அம்மாவின் ஒரே பெண்ணை அந்த ராஜா கட்டிக்கொண்டு போய்விட்டார். பெண் பாதி வருஷம் கீழே புருஷன் வீட்டில் இருப்பாள், பாதி வருஷம் மேலே அம்மா வீட்டில். அவள் மேலே வந்தால் ஊரில் பூப் பூக்கும், கீழே போனால் இலை உதிரும். உலகத்தில் பாதி நாடுகளில் இந்தக் கதையைப் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் கீழே போகிறவன் புருஷன், இன்னொரு நாட்டில் அக்காவும் தம்பியும் முறை போட்டுக்கொண்டு போகிறார்கள். எல்லாம் ஒரே குடும்பம்தான், ஒரே சண்டைதான். ஆனால் போய்வர லிஃப்ட் வேண்டும் என்பதை எந்த நாட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

வாசல் கூடத்தில் குளிர்காலம் பெட்டி படுக்கையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தது. நரைத்த ஜடை, கையில் கோல், காலடியில் கம்பளம் விறைத்துப்போயிருந்தது.

"அந்தப் பொண்ணு மேல போய்ச் சேர்ந்தாத்தான் நான் கிளம்ப முடியும். என் வண்டி போயிடும்ப்பா. எவ்வளவு நேரம் ஆகும்?" என்றது.

"பார்த்தாத்தாம்மா தெரியும்," என்றேன். எல்லா மெக்கானிக்கும் எல்லாரிடமும் சொல்வதுதான்.

மாப்பிள்ளை என் காதில், "யாரு மச்சான் இந்தம்மா? ஐஸ் ஃபாக்டரியா?" என்றார். அந்த ஆள் அறிவியல் படித்தவர்.

மெயின் ஸ்விட்சை அணைத்தேன். மாப்பிள்ளையை மொட்டைமாடி மோட்டார் அறைக்கு அனுப்பினேன். கரண்ட் இல்லாவிட்டால் பிரேக் தானாகக் கவ்விக்கொள்ளும். ஒரு கம்பியை அழுத்திப் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றினால் பெட்டி மேலே ஏறும். "நான் குரல் குடுத்ததும் ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து குழிக்குள் இறங்கிப் பெட்டியின் கூரைமேல் நின்றேன். கூரைப் பலகையைத் தூக்கினால் உள்ளே அந்தப் பெண், சூட்கேஸ்மேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

"பயப்படாதேம்மா, ரிப்பேர்தான்," என்றேன்.

"ரிப்பேர் இல்லண்ணே. அவர் கீழ புடிச்சுக்கிட்டு இருக்கார்."

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் குனிந்து பார்த்தேன். பெட்டியின் அடியில் இரண்டு கைகள். ஒவ்வொரு விரலும் வேர் மாதிரி என் தொடை தடிமன்.

"எங்கம்மா இதுவரைக்கும் அவரை ஒரு வார்த்தை முறை வெச்சுக் கூப்பிட்டதில்ல," என்றாள். "அந்த ஆளு, கீழ்வீட்டுக்காரன், குகைக்காரன். இன்னிக்குக் காலையில போன்ல, அந்தக் கரியன்கிட்டருந்து எப்ப வர்றேன்னாங்க. ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, சூட்கேஸைக்கூடத் தூக்கிக் குடுத்தார். நான் ஏறினதும் புடிச்சுக்கிட்டார். மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்பத்தான் விடுவேன்கறார்."

"அம்மா சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்றதைவிடப் பட்டினி கிடப்பேன்கறாங்க. அவங்க பட்டினி கிடந்தா எல்லாருமே பட்டினிண்ணே."

உச்சியில் கதவு திறந்திருந்தது. அம்மா இடுப்பில் கை வைத்து நின்றதைக் கீழேயிருந்தே பார்த்தேன். என் பார்வை அப்போது கழுகுப் பார்வை.

மாமியார் மருமகன் சண்டையில் மெக்கானிக்குக்கு என்ன வேலை? என் வேலையைப் பார்ப்போம் என்று மாப்பிள்ளைக்குக் குரல் கொடுத்தேன். பெட்டி அசையவில்லை, விண்விண்ணென்று நடுங்கியது. மாப்பிள்ளை பயத்தில் பிரேக்கைத் தளர்த்தாமலே சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எந்த லிஃப்டையும் நான் பொண்ணு என்றுதான் சொல்வேன், அது என் தொழில் பழக்கம். மூச்சை இழுத்து, இரண்டு தெரு தள்ளி நாய்கள் எழுந்து உட்காரும்படி கத்தினேன்:

"மாப்பிள்ளை, இப்படி இறுக்கிப் புடிச்சா எப்படி? கொஞ்சம் விட்டுக் கொடுங்க. பொண்ணு மேல வரட்டும்."

என் குரல் மேலே போய், உச்சிக் கதவில் மோதி, அங்கே நின்ற அம்மாவின் முந்தானையையும் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. குழியில் எதிரொலித்துப் பெண் குரலாகவே மாறிவிட்டது. அடியில் அந்தக் கைகள் அப்படியே நின்றன. பிறகு பூமிக்கு அடியிலிருந்து ஒரு குரல்:

"அத்தை... என்னையா கூப்பிட்டீங்க?"

உள்ளே பெண் எழுந்து நின்றுவிட்டாள். அவள் அண்ணாந்து பார்த்தது என்னையல்ல, எனக்கும் மேலே, அந்தச் சின்ன வெளிச்சச் சதுரத்தை. கூடத்தில் கோல் தட்டும் சத்தம்கூட நின்றது.

மேலே அம்மா வாயைத் திறந்தார், மூடினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. அந்தக் கைகள் பெட்டியைத் தொட்டிக்கும் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும், நானும் கூரையோடு சேர்ந்து பாதாளத்துக்குப் போய் அங்கே லிஃப்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"பின்ன யாரை?" என்றார் அம்மா. "இங்க எனக்கு வேற மாப்பிள்ளை யாரு இருக்காங்க? ...சாப்பிட்டீங்களா?"

"இனிமேத்தான் அத்தை."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. உடம்பைப் பாத்துக்கங்க, மாப்பிள்ளை."

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அடுத்த நொடி பெட்டி கிளம்பிய வேகத்தில் என் தொப்பி முதல் மாடியிலேயே தங்கிவிட்டது. உள்ளே அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் மாடிக்கு மாடி ஜன்னல் பனி உடைந்து விழுந்தது, ஒன்பதாவது மாடிக்காரர் மொட்டைக் குச்சியாக வைத்திருந்த தொட்டிச் செடி கூரையைத் தொட்டது. கூடத்துச் சோபாவில் ஈரம் மட்டும் மிச்சம். பதினொன்றரைக்கு ஊரே ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது.

மாப்பிள்ளை நிமிர்ந்து நடந்து ஓய்வு பெற்றார். கம்பளியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பதில் ஒன்றேதான்: "சக்கரத்தை நான் சுத்தினேன், லிஃப்ட் ஏறிச்சு. குளிர் என் கணக்குப்படி விலகுச்சு. மத்ததெல்லாம் மச்சான் சரக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவருடைய பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அந்த வியாழக்கிழமையை எந்தக் கணக்கில் பிடித்தீர்கள், அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் தட்டைத் தொடவில்லை.

"சொல்லிக் குடுங்களேன்," என்றாள் தங்கை. "சரியா வந்தது அந்த ஒண்ணுதானே."

"என்னத்தைச் சொல்ல?"

"கணக்கைத்தான்."

"கணக்கு ஏதும் இல்ல. கடைசி அறிக்கைன்னு தோணினதைப் போட்டேன். அதைக் கணக்குன்னு சொன்னா, அந்தப் புள்ளைங்க ஆயுசுக்கும் தப்பாவே போட்டுக்கிட்டு இருக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "சக்கரத்தை நல்லாத்தான் சுத்தினீங்க, மாப்பிள்ளை," என்றேன்.

அவர் தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் சுத்தல மச்சான். கிட்டயே போகல. பனி உருகுதான்னு பாக்க மொட்டைமாடி விளிம்புல நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க மாப்பிள்ளைன்னு கத்தினது கேட்டுத்தான் ஓடினேன். அதுக்குள்ள அந்தக் கீழ்க் குரல் அத்தைன்னுச்சு, அந்தம்மா சாப்பிட்டீங்களான்னாங்க, ரெண்டையும் என் காதால கேட்டேன். உள்ள போய்ப் பாத்தா சக்கரம் தன்னால சுத்துது. கம்பி வடம் நெடுக இலை விட்டிருந்துச்சு."

தங்கை கையில் கரண்டியோடு நின்றாள். "அப்ப எங்கண்ணன் சொன்னது?"

"நடந்துச்சு," என்றார் மாப்பிள்ளை, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "அவர் சொன்னபடியேதான் நடந்துச்சு."