முழுக்கைச் சட்டை

இறந்துபோன மாமி மேர்சியின் வலது கையை வெள்ளைச் சட்டைக்குள் மேர்லின் நுழைத்துக்கொண்டிருந்தபோது, எமில்டா சின்னம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மாமியின் தங்கை, செய்தி கேட்டு மாங்கேணியிலிருந்து கிடைத்த முதல் பஸ்ஸில் வந்தவள்.

“நில்லு புள்ள. இந்த வெக்கையில முழுக்கைச் சட்டை என்னத்துக்கு?”

பதிலுக்குக் காத்திராமல் துணியை மேலே ஒதுக்கினாள். மேற்கையில் நான்கு விரல்களும் ஒரு பெருவிரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன. மற்றக் கையிலும் அப்படியே.

“யேசுவே! என்ட அக்காவ அடிச்சா பாத்த?”

“இல்ல சின்னம்மா. சீனி வருத்தம். தோலுக்குக் கீழ இருக்கிற மெல்லிய ரத்தக்குழாயெல்லாம் பழுதாப் போச்சாம். சும்மா பிடிச்சாலே உடைஞ்சு நீலம் பாய்ஞ்சிரும் எண்டு கிளினிக் டொக்டர் சொன்னவர்.”

“சீனி எனக்கும் பன்ரெண்டு வருசமா இருக்கு. என்னில ஒரு விரலும் விழல்லியே! ஒண்டும் செய்யாட்டி ஏன் மறைக்கிற? பொலிசுக்குச் சொல்லாமப் பெட்டிய மூட விடமாட்டன்.”

மேர்லின் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நேற்று ஞாயிறு. கட்டாரிலிருந்து ஆறு வருடங்களுக்குப் பிறகு வந்திருந்த அவள் கணவன் றெஜி, தாயின் இரு கைகளையும் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி, தாண்டவன்வெளிக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். பின்னேரம் உடுப்பு மாற்றும்போது மேர்லின் அடையாளங்களைக் கண்டு பதறினாள். மாமி சிரித்தார்.

“நோகல்ல மகள். அவனுக்குச் சொல்லிராத. பயந்து இனி என்னைத் தொடமாட்டான்.”

இன்று காலையில் தேத்தண்ணி கொண்டுபோனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. மாரடைப்பு என்றார் வந்து பார்த்த டொக்டர்.

“றெஜி! உன்ட பொஞ்சாதி செஞ்ச வேலைய வந்து பாரு மனே!” சின்னம்மா வாசலை நோக்கிக் கத்தினாள்.

றெஜி வந்தான். தாயின் கைகளைப் பார்த்தான்.

“நீயா, மேர்லின்?”

“இல்ல.”

“அப்ப ஆரு? வீட்டில நாம மூண்டு பேரும்தானே...”

நிறுத்தினான். பெருவிரல் பதிந்திருந்த அகலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மேர்லின் சட்டைக்கையை அவசரமாக இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டாள்.

“சீனி வருத்தம்தான்” என்றாள் மறுபடியும்.

“சின்னம்மா, அவளை விடுங்க” என்றான் றெஜி. “நேத்து ஓட்டோவில ஏத்தக்குள்ள நான்தான் பிடிச்ச.”

  எமில்டா சின்னம்மா, அக்காவுக்குப் போட எடுத்துவைத்திருந்த வெள்ளைக் கையுறையை மேர்லினிடம் நீட்டினாள்.

மலர்ச்சாலைக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலோடு அணைத்து வைத்தார்கள். கால்மாட்டில் இருவர் குனிந்தார்கள். தலைமாட்டில் மகன் நிற்க வேண்டும்.

றெஜி இரண்டு உள்ளங்கைகளையும் மலர்த்தி, தாயின் தோள்களுக்குக் கீழே மெல்ல நுழைத்தான்.

“இறுக்கிப் பிடி மனே” என்றாள் சின்னம்மா. “நழுவிரும்.”

அவன் விரல்களை மடக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து மேர்லின் தன் கைகளை அவன் கைகளுக்குக் கீழே கொடுத்தாள்.