டிரம் வாசித்தது யார்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அண்ணன் பெரியவன். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துவாள். மற்ற நேரத்தில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டு எழுதுவாள். அந்தப் பாட்டுகளுக்கு டிரம் வாசிக்க வேண்டியவன் பெரியவன். ஊரில் எந்த மேடைக் கச்சேரி என்றாலும் டிரம் செட்டுக்குப் பின்னால் அவன்தான் உட்கார்ந்திருப்பான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன்" என்று அவன் சொல்லிச் சொல்லியே மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. கடைசியாக ஒரு ஞாயிறு அவள் கட்டிலை நகர்த்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பக்கத்து வீட்டாரிடம் சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மதியம் போன் வந்தது.

"ஒரு புரோகிராம் வந்துடுச்சு. உன் பாட்டு எங்க ஓடிடப் போகுது?"

கட்டிலைத் திரும்ப இழுத்துப் போட்டாள். அதன் கால் அவள் கால் சுண்டுவிரலில் ஏறியது. வலியைவிட அந்தக் கேள்விதான் எரிந்தது.

"கம்ப்யூட்டர்லயே டிரம் வாசிக்கிற சாஃப்ட்வேர் இருக்குல்ல, அதைப் போட்டுக்கோயேன்" என்றான் கணவன். "புரோகிராம் இருக்குன்னு எங்கயும் ஓடாது. அதுவே புரோகிராம்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் யோசனை பிடித்துக்கொண்டது.

இசைக்கருவிக் கடைக்காரர் பெரியவனின் சிநேகிதர். "பெரிய ஸ்டுடியோ எல்லாத்துலயும் இதுதாம்மா. முதல்ல சும்மா போட்டுப் பாருங்க, பிடிச்சா வாங்கிக்கலாம்" என்று ஒன்றைக் காட்டினார். அவளிடம் இருந்தது கணவனின் ஆபீசில் கழித்துவிட்ட லேப்டாப். இடம் போதவில்லை என்று அது முரண்டு பிடித்தது. கல்யாணப் போட்டோக்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றி வழிவிட்டாள். சாஃப்ட்வேர் திறந்தது. உள்ளே இருந்த மின்விசிறி மிக்சி மாதிரி அலறியது. ஒரே ஒரு அடி 'டும்' என்று கேட்டது. பிறகு திரை கறுத்துவிட்டது. அதோடு, காலையிலிருந்து பாடிப் பதிந்து வைத்திருந்த சரணமும் போயே போய்விட்டது.

நேராகக் கடைக்குப் போனாள்.

"லேப்டாப்பை மாத்துங்கம்மா" என்றார் கடைக்காரர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பாட்டுன்னு இறங்கிட்டா கை கடிக்கத்தான் செய்யும்."

"எனக்கு வேண்டியது ஒரு டிரம் செட்டு. நீங்க கல்யாண மண்டபத்தையே தூக்கித் தலையில வைக்கறீங்க."

"அப்ப உங்கண்ணனையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க."

காதில் புகை வராத குறையாக வெளியே வந்தாள். இனி யாரையும் கேட்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

தனக்கு என்ன வேண்டும் என்று முதல்முறையாக நிதானமாக நினைத்துப் பார்த்தாள். நூறு வகை டிரம் வேண்டாம், ஒரு செட் நன்றாகக் கேட்டால் போதும். லேப்டாப் மூச்சுத் திணறக் கூடாது. மாதாமாதம் பணம் கேட்டுக் கழுத்தில் உட்காரக் கூடாது. தாளத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கிடைத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தாள். ஒன்று தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலித்தது. இன்னொன்று நெட் இல்லாவிட்டால் வாயே திறக்கவில்லை. வேறொன்று நடுநடுவே ஊமையாகி, காசு கட்டினால்தான் பேசுவேன் என்றது. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே அழித்தாள்.

கடைசியில் ஒன்று, டீ டம்ளரை மேசையில் வைப்பதற்குள் திறந்துகொண்டது. ஒரே செட், கனமில்லாத சின்ன சாஃப்ட்வேர், ஒரு தடவை வாங்கினால் போதும். மின்விசிறி முனகக்கூட இல்லை.

ஆனால் எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்ததில், பாட்டு கடிகாரம் போல நடந்தது. ஒவ்வோர் அடியாகத் தொட்டு, சிலவற்றைத் தணித்தாள், சிலவற்றை மயிரிழை பின்னுக்குத் தள்ளினாள். ஒரு கட்டத்தில் பாட்டு தானாகவே அவள் தோளை அசைத்தது. பெரியவன் வாசிக்கும்போது அப்படித்தான் அடி கொஞ்சம் தாமதித்து விழும் என்பது அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தாள். இருபது வருஷம் பக்கத்து அறையில் அந்தச் சத்தத்தைச் சகித்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள் அவள்.

அம்மா வீட்டுக்கு மாமா வந்திருந்த அன்று எல்லோருக்கும் பாட்டைப் போட்டுக் காட்டினாள். மாமா தொடையில் தாளம் போட்டார்.

"டிரம் யாரு?"

"வேற யாரு, பெரியவன்தான்" என்றாள் அம்மா, பெருமையாக.

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. வெட்கப்படுகிறவன் போலப் புன்னகைத்து, "ஏதோ தங்கச்சிக்காக" என்றான்.

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ எப்ப வாசிச்ச?"

"கத்தாத. அது என் கைதானே? என்னைப் பாத்துத்தானே போட்டிருக்க?"

"உன் கையைத்தான் மாசக்கணக்காக் கூப்பிட்டேன். அது வரல."

கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மாமா, டிரம் நான் போட்டது. கம்ப்யூட்டர்ல."

மாமாவின் கை தொடையில் நின்றது. "அட, மெஷினா" என்றார், குரல் இறங்க. பெரியவன் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பினான். அம்மா அவளிடம் திரும்பினாள்.

"நாலு பேர் முன்னால அவனை ஏன்டி இப்படித் தலைகுனிய வச்ச?"

"அவனா தலைகுனிஞ்சான், நானா?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினாள். சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் மாமாவுக்கு, அம்மாவுக்கு, கடைக்காரருக்கு என்று தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

சில வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவள் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெரியவன் போனில் கூப்பிட்டான்.

"கீழ் வீட்டுக்காரங்க சத்தம்னு சண்டைக்கு வர்றாங்க. புதுப் பாட்டுக்கு ஒத்திகை பாக்கணும். அந்த சாஃப்ட்வேர் பேரு என்ன?"

தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"முதல்ல அம்மாகிட்ட யாரு வாசிச்சதுன்னு உன் வாயால சொல்லு. அப்புறம் சொல்றேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் அம்மாவின் போன்.

"டிரம் நீதான் போட்டியாமே, பெரியவன் சொன்னான். இதை நீ அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு மனஸ்தாபம் வந்திருக்குமா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். வாயில் வந்த எதுவும் அம்மாவிடம் சொல்லக்கூடியதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள். சாஃப்ட்வேரின் பெயரை மட்டும் பெரியவனுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.