புருல் வராத பாடம்

பயிற்சி ஆசிரியை மீரிமின் கடைசி வாரத்தில் ஒன்பதாம் வகுப்பில், பார்வையாளர்கள் முன் நடத்தும் திறந்த பாடம் நடக்கவிருந்தது. கிர்கிஸ்தானின் நாரின் நகரத்துக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வருவார். பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் பின்சுவரோரம் அமர்வார். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்பது அன்றே தெரிந்துவிடும்.

மீரிமின் கவலை மதிப்பெண் அல்ல, புருல். பெற்றோர் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் கட்டட வேலையில் இருக்க, சித்தப்பா வீட்டில் வளரும் அந்தப் பெண் வகுப்பில் வாய் திறந்ததில்லை. அவள் பதில் சொல்லும்வரை எந்த ஆசிரியரும் காத்திருந்ததில்லை என்பதும் உண்மை. மாசி மாத இடைவேளை ஒன்றில், கணப்புக்கு நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டே, ஆற்றுப் பனி உடையும் விதத்தை அவள் மீரிமிடம் சொன்னாள். "முதல்ல ஓரத்துல நீலம் பாயும் அக்கா. அப்புறம் நாய் எலும்பைக் கடிக்கிற மாதிரி சத்தம் வரும். அப்போ ஆடுகளைக் கரையில விடக் கூடாது." அன்றிலிருந்து மீரிம் இடைவேளைத் தேநீரைக் கணப்பருகிலேயே குடித்தாள்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் புருலைத் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தையல்கூடத்துக்கு அனுப்பச் சித்தப்பா முடிவு செய்திருந்தார். மேலே படிக்கட்டும் என்று துணைத் தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் சித்தப்பா தட்டமாட்டார். அப்படிச் சொல்வதற்கு, துணைத் தலைமையாசிரியர் அவளுடைய குரலை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். ஆகவே மீரிம் ஆறுகளைப் பாடமாக எடுத்துக்கொண்டாள். "அன்னைக்கு உன்னைக் கேப்பேன்" என்று மட்டும் புருலிடம் சொன்னாள். காரணம் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று அதைச் சொல்லவில்லை.

"மக்குப் பிள்ளைங்க நாலு பேரை அன்னைக்கு வீட்டுலயே இருக்கச் சொல்லிடு" என்றார் பொறுப்பாசிரியை துர்சுனாய். "எல்லாரும் செய்யறதுதான்."

"ஒருத்தரையும் நிறுத்தமாட்டேன் அக்கா."

"கல்லூரியில இப்படியா சொல்லித் தர்றாங்க? சரி, உன் பாடு."

ஆசிரியர் அறையில் இதைத் தீர்த்துக்கொண்ட மீரிம், வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. செய்யப்போகாத ஒன்றை ஏன் அறிவிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

பாடம் நடந்த அன்று புருலின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். காலி இடம் தெரியாதபடி மேசைகள் நெருக்கிப் போடப்பட்டிருந்தன. கேள்வி முடியுமுன்பே கைகள் எழுந்தன. ஆற்றுப் பனியைப் பற்றி மீரிம் கேட்டபோது, புத்தகத்தில் உள்ள இரண்டு வரிகள் பிழையின்றி வந்தன. விரிவுரையாளர் எழுந்து கைகொடுத்தார். ஐந்து.

அவர்கள் போனதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படி அக்கா?" என்றாள் வகுப்புத் தலைவி சமாரா. "புருலை வரவேணாம்னுட்டோம்."

"யார் சொல்லச் சொன்னா?"

"இதை யாராவது சொல்லணுமா? போன வருஷம் பயிற்சிக்கு வந்த கணக்கு வாத்தியாருக்கு நாங்க யாரையும் நிறுத்தலையே. திண்டாடட்டும்னு விட்டோம். உங்களுக்குச் செய்யமாட்டோமா?"

"அவ அழக்கூட இல்ல அக்கா" என்றாள் இன்னொருத்தி. "உங்களுக்கு அஞ்சு வேணும்னதும் உடனே சரின்னுட்டா."

மீரிம் புருலுக்காகப் பேசத் துணைத் தலைமையாசிரியரின் அறைக்குப் போனாள்.

"எந்தப் புருல்?" என்றார் அவர். "இன்னைக்கே வராத பொண்ணு, பத்தாம் வகுப்புல உக்காந்து என்ன செய்யப்போகுது?"

"பிள்ளைங்கதான் அவளை நிறுத்திட்டாங்க ஐயா."

"அவங்களுக்கு யார் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?" அவர் சிரித்தார். "நான் தப்பா எடுத்துக்கல. நல்ல பாடம். நீயே கெடுத்துக்காதே."

மாலையில் மீரிம் தேடிப் போனபோது, புருல் முழங்கை வரை மாவோடு வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அஞ்சா அக்கா?"

"அஞ்சு."

"அப்பாடா! நாலுதான் வரும்னு சமாரா பயந்துட்டே இருந்தா."

"ஆத்தைப் பத்தி நீ சொல்லியிருக்கணும், புருல்."

"நானா? பாதியில நின்னுபோயிருப்பேன். வராததே நல்லதாப் போச்சு." அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை மீரிம் முன்பு பார்த்ததில்லை. பாடம் யாருக்காக என்று இப்போது சொன்னால் அவளுக்கு அந்தச் சந்தோஷமும் மிஞ்சாது.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள்.

மாவு காய்கிறது என்று உள்ளிருந்து சித்தி கத்தினாள். புருல் திரும்பி ஓடினாள்.