ஆங்கஸ் பிடித்த திறப்பு

ஸ்காபரோவில் இருக்கும் ஆங்கஸ் பிரசாந் என்ற பிள்ளை, முதல் பல் முளைத்ததற்குச் செய்த பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு அன்று வலக்கையில் பிடித்த கார்ச் சாவியை, அந்தத் திறப்பை, இன்னும் விடவில்லை. இப்போது அவனுக்கு ஐந்து வயது. குளிப்பதும் நித்திரை கொள்வதும் அதோடுதான்.

யாழ்ப்பாணத்தாரின் பிள்ளைக்கு ஆங்கஸ் என்று பெயர் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. தாய் கௌசிக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்ட அன்று பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. கணவன் பிரசாந் தூரத்து நகரமான பிறம்ரனில் வேலையில் நின்றான், போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக்காரர் கிளிபோட்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அந்த நன்றிக்கு அவருடைய தகப்பனின் பெயரைக் கேட்டு வாங்கிப் பிள்ளைக்கு வைத்தாள். மிகப் பழைய பெயர், அரசர்களுக்கு இருந்தது, அதற்கும் முதல் ஒரு கடவுளுக்கு இருந்ததாம் என்றார் கிளிபோட். அவர்களுடைய கேலிக் மொழியில் முன்பாதி ‘ஒன்று’. பின்பாதியைச் சிலர் பலம் என்பார்கள், தன் வீட்டில் தெரிவு என்றே சொன்னார்கள் என்றார். ஒரே தெரிவு.

“உது என்ன பேர் பிள்ளை, வாய்க்குள்ளை நுழையுதில்லை” என்று கௌசியின் பெரியம்மா கமலாம்பிகை முகத்தைச் சுளித்தாள்.  பிரசாந் வீட்டில் கதைப்பதையே அப்போது குறைத்துவிட்டிருந்தான்.

பிள்ளைக்குப் பல் முளைத்தபோது அவன் பிறம்ரனில் தனியே குடியிருக்க வீடொன்றின் நிலக்கீழ் பேஸ்மென்ற் பார்த்து முடித்திருந்தான். பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டி முடிந்ததும் பிரிந்து போவது என்று முடிவு. உடுப்புப் பை காரில் ஏறிவிட்டது. இது கௌசிக்கு மட்டும் தெரியும். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை தட்டில் எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்பதால், பெரியம்மா நகையையும் கத்தரிக்கோலையும் ஒளித்துவிட்டு, டொக்ரர்மார் நெஞ்சில் வைக்கும் குழாயையும் தடித்த புத்தகத்தையும் மட்டும் வைத்திருந்தாள். பிள்ளையைத் தூக்கிப் பலகையில் இருத்தச் சொன்னதும் பிரசாந் கையிலிருந்த திறப்பை அந்தத் தட்டின் ஓரத்திலேயே வைத்தான். ஆங்கஸ் எட்டி அதைப் பிடித்தான்.

பிடித்த கை விரியவில்லை; சவர்க்காரம், எண்ணெய் எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. எலும்பில் குறை இல்லை என்றார் டொக்ரர். புதிதாகச் செய்வித்த திறப்பு எதற்கும் கார் அசையவில்லை. பிள்ளை பின்சீற்றில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகியது. பஸ்ஸில் போகலாமே என்று, ஸ்காபரோவிலிருந்து பிறம்ரனுக்குப் பஸ்ஸில் போய்ப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. ஆகவே பிரசாந் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய், வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் பிள்ளை பார்க்கும் அன்ரி ஒருவரிடம் விட்டான். பின்னேரம் பிள்ளையைத் தாயிடம் கொண்டுவரத்தானே வேண்டும். வந்தவன் சாப்பிட்டான். சாப்பிட்டவன் மெல்ல மெல்லக் கதைக்கவும் தொடங்கினான். பேஸ்மென்ற் வேறு ஆளுக்குப் போனது.

போன மாரியில் பழைய சண்டை திரும்பவும் கிளம்பியது. பிரசாந் சப்பாத்தை மாட்டினான்.

“திறப்பைத் தாடா.”

ஆங்கஸ் கையை விரித்தான். அவ்வளவு லேசாக விரித்தான்.  பிரசாந் அந்தத் திறப்பைக் கனநேரம் பார்த்தான். பிறகு குந்தி இருந்து, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டான்.

“நீயே வைச்சிரு.”

பிறகு கௌசியைப் பார்க்காமல் சொன்னான்: “நான் அண்டைக்குப் போனை எடுத்திருக்கவேணும்.”

“ஓம்” என்றாள் கௌசி.

அதற்குப் பிறகு அந்தக் கை விரியவில்லை. பாலர் வகுப்பில் அவனை இடக்கையால் எழுதும் பிள்ளைகளோடு இருத்தியிருக்கிறார்கள்.